பூச்சியம் வேறு, வெற்றிடம் வேறு

ஷோனெஃபெல்டில் நடந்த எங்கள் தரவுப் பட்டறையின் தொடக்கப் பேச்சு இது. வர முடியாமற்போன தோழர்கள் கேட்டபடியால், பேச்சுவழக்கைப் பெரிதாகத் திருத்தாமல் இந்த மடலில் தருகிறோம்.



சனிக்கிழமை காலமை இவ்வளவு பேர் வந்ததுக்கு முதலில் நன்றி. "ஏன் ஷோனெஃபெல்ட்? நொய்க்கோல்னில ஒரு அறை கிடைக்கேல்லையோ?" என்று குழுவில் ரெண்டு பேர் கேட்டவை. கிடைச்சது. நான்தான் இங்கதான் வைக்கவேணும் என்று நின்றேன். காரணத்தைச் சொல்லிவிட்டு விசயத்துக்கு வாறேன்.

என்ர அப்பா ஜேர்மனியில் முதன்முதல் கால் வைச்ச இடம் இது. 1985 வைகாசி. கொழும்பில் இருந்து மொஸ்கோ, மொஸ்கோவில் இருந்து ஏரோஃப்ளோட் விமானத்தில் ஷோனெஃபெல்ட். அப்போது இது கிழக்கு ஜேர்மனியின் விமான நிலையம். இடைத்தங்கல் விசா ஒன்றை எடுத்துக்கொண்டு ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராச ரயில் நிலையம் மட்டும் வந்து, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் போனால், மேற்குப் பக்கத்தில் பாஸ்போட் பார்க்க ஒருவரும் இல்லை. நகரத்தின் நடுவில் ஓடிய அந்தக் கோட்டை மேற்கு ஒரு நாட்டெல்லையாக ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கே பாஸ்போட் பார்த்தால் அது எல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டு அரசுகளின் பிடிவாதத்துக்கு இடையில் இருந்த அந்த இடுக்குக்குள்ளால்தான் எங்கட ஆக்கள் ஆயிரக்கணக்கில் வந்தவை.

அந்த வருசம் மேற்கு ஜேர்மனியில் அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் கிட்டத்தட்ட 74,000 பேர். அதில் 17,000 பேருக்கு மேல் இலங்கையில் இருந்து வந்தவர்கள். 1983 ஆடிக் கலவரம் நடந்து இரண்டே வருசம் என்பதை நினைச்சுப் பாருங்கோ. ஏறிக்கொண்டிருந்த அந்த எண்ணை மேசையில் வைத்துத்தான் பொன் நகரத்தில் பேச்சு நடந்தது. 1985 ஜூலையில் இரண்டு ஜேர்மனிகளும் ஒரு வணிக உடன்பாட்டுக்கு வந்தன. கிழக்குக்கு மேற்கு கொடுத்துவந்த வட்டியில்லாக் கடனின் உச்ச எல்லை 600 மில்லியன் கணக்கலகில் இருந்து 850 மில்லியனாக ஏறியது. அதே மாதம், மேற்கு ஜேர்மன் விசா இல்லாத இலங்கையரை இந்த வழியால் விடுவதை கிழக்கு நிறுத்தியது.

அப்பா வந்து ரெண்டு மாதத்துக்குள் கதவு சாத்தியாச்சு. சித்தப்பா ஆவணியில் வர இருந்தவர். ரிக்கெற்றும் எடுத்தாச்சு. அவர் கடைசியில் கனடா போய்ச் சேர எட்டு வருசம் பிடிச்சது. அடுத்த வருசம், 1986 ஆகஸ்ட்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். இந்தியாவில் இருந்து வந்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். உண்மையில் அவர்கள் கப்பல் ஏறியது ஜேர்மனியில்.

நான் இதைச் சொல்வது பழைய கதைக்காக மட்டுமில்லை. எங்களைப் பற்றிய ஒரு எண் யாரோ ஒருவரின் மேசையில் இருந்தது, அந்த எண்ணால் ஒரு கதவு மூடப்பட்டது. எண்ணினவர்கள் நாங்கள் இல்லை. இன்றைக்கு நாங்களும் எண்ணப் பார்க்கிறோம். அதை எப்படிச் செய்தோம், எங்கே பிழை விட்டோம் என்பதுதான் என்ர பேச்சு.

ஏன் இந்தப் பலகை?

2021 மார்ச் 23 அன்று ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய 46/1 தீர்மானம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த நாடுகளின் குழுவில் ஜேர்மனியும் இருந்தது. ஒரு கிழமை கழித்து, மார்ச் 30 அன்று, இதே ஜேர்மனி டுசல்டோர்ஃபில் இருந்து ஒரு தனி விமானத்தில் தமிழர்களைக் கொழும்புக்கு நாடுகடத்தியது. பூரனிலும் ஃபோர்ட்ஸ்ஹைமிலும் தடுப்பு முகாம்களுக்கு முன்னால் போராட்டம் நடந்தது. அப்போது நான் இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருந்தேன். ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் ஒன்று, முகநூலில் ஒன்று, பத்திரிகையில் இன்னொன்று. "எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு எங்களிடம் உறுதியான பதில் இல்லை.

அரசிடம் இருக்கிறது. வெளிநாட்டவர் மத்தியப் பதிவேடு 1953 முதல் இருக்கிறது. இந்த நாட்டில் குடியுரிமை இல்லாமல் வாழும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. ஆயிரக்கணக்கான அலுவலகங்கள் அதைத் தட்டிப் பார்க்கலாம். 2021இல் நிறைவேறிய சட்டத்தின் பிறகு அகதி வழக்கின் முடிவுப் பத்திரம்கூட அதற்குள் போகலாம். எங்கட அம்மா அப்பாவின் விசா எப்போது முடிகிறது என்று அவர்களுக்கு ஒரு சொடுக்கில் தெரியும். அவர்கள் எத்தனை பேரை ஏற்றி அனுப்பினார்கள் என்று எங்களுக்குத் தெரியவேணும் என்றால், பாராளுமன்றத்தில் ஒரு கட்சி சிறு வினா எழுப்பவேணும், அரசு பதில் எழுதவேணும், அது பிடிஎஃப் ஆக வரவேணும்.

இடதுசாரிக் கட்சி பல வருசமாக இந்த வினாவைத் திரும்பத் திரும்ப எழுப்பி வருகிறது. அதனால்தான் எங்களிடம் இந்த வரிசை இருக்கிறது: ஜேர்மனியில் இருந்து நாடுகடத்தப்பட்டவர்கள் 2019இல் 22,097 பேர், 2020இல் 10,800, 2021இல் 11,982, 2022இல் 12,945, 2023இல் 16,430, 2024இல் 20,084. கொரோனா காலத்தில் விழுந்த எண் எப்படி ஏறி வந்திருக்கிறது என்று பாருங்கோ. இந்த ஏற்றத்தை நாடு வாரியாக, விமான நிலையம் வாரியாக ஒரே பக்கத்தில் காட்டவேணும் என்பதுதான் எங்கட ஆசை. வணிக நிறுவனங்கள் விற்பனையைப் பார்க்கப் பாவிக்கிற அதே டாஷ்போர்ட் மென்பொருளைத்தான் நாங்களும் எடுத்தோம்.

"நேரடி" என்றால் என்ன?

முறை இதுதான். அரசின் பதிலில் உள்ள அட்டவணையை டாபுலா என்ற இலவச மென்பொருளால் பிடிஎஃப்பில் இருந்து பிரித்து எடுக்கிறோம். சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கிறோம். சிஎஸ்வி என்பது வேறொன்றும் இல்லை, வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வரி ஒரு நிரை. நிரல்களைப் பிரிக்க நடுவில் ஒரு காற்புள்ளி. அந்தக் கோப்பு இருக்கிற இடத்தை டாஷ்போர்டுக்குக் காட்டிவிட்டால் அது வந்து வாசித்துப் படம் வரையும். கோப்பை மாற்றினால் படமும் மாறும். இதைத்தான் நேரடி இணைப்பு என்று சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளவேணும். சிஎஸ்வி ஒரு தரவுத்தளம் இல்லை. "இலங்கைக்கான நிரையை மட்டும் தா" என்று அதனிடம் கேட்க முடியாது. ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை திரும்ப வாசிக்கவேணும். அதனால் "நேரடி சிஎஸ்வி" என்று ஆராவது சொன்னால், "அடிக்கடி திரும்ப வாசிக்கப்படும் சிஎஸ்வி" என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கோ. எவ்வளவு அடிக்கடி என்பது மென்பொருளைப் பொறுத்தது. பவர் பிஐயின் சாதாரணக் கட்டணச் சந்தாவில் ஒரு நாளைக்கு 8 தடவை என்று நேரம் குறித்து வைக்கலாம். லுக்கர் ஸ்டுடியோவில் கூகிள் தாளை இணைத்தால், நீங்கள் மாற்றாவிட்டால் 15 நிமிடத்துக்கு ஒருக்கா.

முதல் பாடம் முதல் கிழமையே கிடைச்சது. கோப்பை என்ர மடிக்கணினியில் வைச்சிருந்தேன். என்ர வீட்டில் எல்லாம் வடிவாக ஓடியது. இணையத்தில் ஏற்றிய பிறகு ஒன்றும் அசையவில்லை. மேகத்தில் இருக்கிற சேவைக்கு என்ர மேசையில் இருக்கிற கோப்பு எப்படித் தெரியும்? நடுவில் கேட்வே என்று ஒரு சிறிய மென்பொருள் ஓடவேணும், அதுக்கு என்ர கணினி எப்போதும் திறந்து இருக்கவேணும். நான் நூலகத்துக்குப் போய் மடிக்கணினியை மூடினால் இயக்கத்தின் தரவும் மூடிவிடும். ஆகவே கோப்பை எல்லாருக்கும் பொதுவான ஒரு சேமிப்பிடத்துக்கு மாற்றினோம். ஒரு ஆளின் கணினியில் தொங்கிக்கொண்டு நிற்கிற வேலையைக் கூட்டு வேலை என்று சொல்ல ஏலாது.

இரண்டாவது பாடம் புள்ளியால் வந்தது. ஜேர்மன் முறையில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி போடுவார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி. ஆங்கில முறையில் தலைகீழ். அரசின் அட்டவணையில் 20,084 என்ற எண்ணில் 20க்குப் பிறகு புள்ளி இருந்தது. ஆங்கில அமைப்பில் இருந்த எங்கட மென்பொருள் அதை இருபது தசம் பூச்சியம் எட்டு நாலு என்று வாசித்தது. வேடிக்கை என்னென்றால், ஆயிரத்துக்குக் கீழே உள்ள எண்களில் புள்ளி இல்லை, அவை சரியாகவே வந்தன. கடைசியில் ஒரு சின்ன நாட்டுக்குப் போன சில நூறு பேர் பெரிய கம்பமாகவும், முழு நாட்டின் கூட்டுத்தொகை இருபது பேராகவும் நின்றது. இதைப் பார்த்தவுடன் சிரிப்பு வந்தது, திருத்தினோம். வாசிக்கும்போது "இது ஜேர்மன் எண்" என்று அமைப்பில் சொல்லிவிட்டால் போதும். கண்ணுக்குத் தெரிகிற பிழை நல்ல பிழை. தெரியாத பிழைதான் ஆபத்து. அதுக்கு இப்ப வாறேன்.

ஒன்பது நாள் பூச்சியம்

எங்கட பக்கத்தில் மேலே பெரிய எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும்: "இலங்கை - இந்த வருசம்". அதில் ஒரு எண். கீழே சின்ன எழுத்தில் "புதுப்பித்தது: இன்று காலை 6.00".

சில நாடுகளுக்கு எண் வராத போது அந்தக் கட்டம் வெறுமையாக நின்றது. பார்க்க அசிங்கமாக இருக்கு என்று நினைச்சு, நானே ஒரு வரி எழுதினேன்: வெற்றிடம் வந்தால் 0 என்று காட்டு. ஒரு வரிதான். ஆரும் கவனிக்கவில்லை. நானும் மறந்துபோனேன்.

பிறகு ஒரு புதிய பதில் வந்தது. அட்டவணையைப் பிரித்து எடுக்கும்போது, ஒடுக்கமான ஒரு கட்டத்துக்குள் நாட்டின் பெயர் இரண்டாக உடைந்து கிடந்தது. மேல் வரியில் "ஸ்ரீ", கீழ் வரியில் "லங்கா". எங்கள் கண்ணுக்கு அது இலங்கைதான். மென்பொருளுக்கு அது வேறு சொல். எங்கட நாட்டுப் பட்டியலில் உள்ள பெயரோடு அது பொருந்தவில்லை. பொருந்தாத இடத்தில் வெற்றிடம். வெற்றிடத்தை என்ர வரி பூச்சியமாக்கியது. சிவப்பு எச்சரிக்கை ஒன்றும் இல்லை, ஏனென்றால் மென்பொருளைப் பொறுத்தவரை ஒரு பிழையும் நடக்கவில்லை. "இலங்கை - இந்த வருசம்: 0. புதுப்பித்தது: இன்று காலை 6.00."

ஒன்பது நாள் அப்படியே நின்றது. அதை ஒருவர் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது கைமாறிக் கைமாறிப் போயிருக்கு.

பத்தாம் நாள் உதவி இலக்கத்துக்கு ஒரு அன்ரி எடுத்தா. ஊர், பேர் சொல்லேல்ல. மகனுக்கு டுல்டுங். மூன்று மாதத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிற காகிதம். அவ சொன்னதை நான் அப்படியே சொல்லுறன்:

"பிள்ளை, உங்கட படத்தில இந்த வருசம் ஒருத்தரையும் அனுப்பேல்ல எண்டு கிடக்கு. அப்ப இனி அனுப்ப மாட்டினம் போல. லோயர் திரும்பவும் காசு கேக்கிறார். கட்டாமல் விடலாமோ?"

எனக்குக் கை நடுங்கிப்போச்சு. "அன்ரி, லைனில நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பூச்சியம். மூலப் பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தேன். பூச்சியம் இல்லை. சின்ன எண்தான், ஆனால் பூச்சியம் இல்லை. "அன்ரி, அது எங்கட பிழை. லோயரை விடாதேங்கோ" என்று சொன்னேன். அவ கோவிக்கவும் இல்லை. "நல்லகாலம் கேட்டன்" என்று மட்டும் சொன்னா.

அவ கேட்டபடியால் தப்பினோம். படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்ட ஆக்கள் எத்தனை பேர்? அதுக்கு எந்த டாஷ்போர்டிலும் நிரல் இல்லை.

பூச்சியம் என்றால் "எண்ணிப் பார்த்தோம், ஒருவரும் இல்லை" என்று பொருள். வெற்றிடம் என்றால் "எங்களுக்குத் தெரியாது" என்று பொருள். இரண்டையும் ஒன்றாக்கினவர் ஒரு நிறுவனமும் இல்லை, அரசும் இல்லை. கட்டம் வடிவாக இருக்கவேணும் என்று நினைச்ச நான்.

பிறகு என்ன மாற்றினோம்?

ஐந்து விசயம். இன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு ஒவ்வொரு மேசையிலும் இதைத்தான் செய்து பார்க்கப் போறோம்.

ஒன்று. வந்த கோப்பில் கை வைப்பதில்லை. மூலப் பிடிஎஃப், பிரித்து எடுத்த முதல் கோப்பு, துப்புரவாக்கிய கோப்பு என்று மூன்றும் திகதியோடு தனித்தனியாக இருக்கும். பழைய கோப்புக்கு மேல் புதியதை எழுதினால், எங்கே பிழைத்தது என்று பிறகு தேட வழியில்லை.

இரண்டு. நாட்டைப் பெயரால் பொருத்துவதில்லை. மூன்று எழுத்துச் சர்வதேசக் குறியீட்டால் பொருத்துகிறோம். குறியீடு கிடைக்காத நிரை ஒன்று இருந்தாலும் அது தனிப் பட்டியலில் விழும். ஒரு ஆள் அதைப் பார்க்காமல் பக்கம் மாறாது.

மூன்று. வெற்றிடம் வந்தால் "தரவு இல்லை" என்று எழுத்தில் காட்டும். அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

நான்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு திகதி. "இந்த எண் எந்தக் காலம் வரைக்கும்" என்பது ஒன்று, "நாங்கள் கோப்பை எப்போது வாசித்தோம்" என்பது மற்றது. யோசிச்சுப் பாருங்கோ, வருசத்தில் ஒருசில தரம் மாறுகிற எண்ணை ஒரு நாளைக்கு எட்டுத் தரம் வாசிச்சு என்ன பலன்? பலன் இல்லை என்பது மட்டுமில்லை, "இன்று காலை 6.00" என்ற அந்த முத்திரை அரை வருசப் பழைய எண்ணுக்குப் புதுச்சட்டை போட்டுவிடுகிறது.

ஐந்து. கூட்டுத்தொகைச் சோதனை. நாடு வாரியான எண்களை நாங்கள் கூட்டினால் வருகிற தொகையும், அரசு தன் பதிலில் சொல்கிற மொத்தமும் ஒன்றாக இருக்கவேணும். ஒரு ஆள் குறைந்தாலும் புதிய பக்கம் வெளியே போகாது. பழைய பக்கம் "சரிபார்க்கிறோம்" என்ற அறிவிப்போடு நிற்கும். இந்தச் சோதனை அன்றைக்கு இருந்திருந்தால் அந்தப் பூச்சியம் ஒரு நிமிடமும் வெளியே வந்திருக்காது.

இன்னொன்றையும் பக்கத்தின் மேலேயே எழுதி வைத்திருக்கிறோம். அரசின் கோப்பில் "தமிழர்" என்று ஒரு நிரல் இல்லை. இலங்கைக் குடியுரிமை என்றுதான் இருக்கும். அதில் சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் அடக்கம். அதேபோல "எந்த நாட்டவர்" என்பதும் "எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள்" என்பதும் இரண்டு வேறு அட்டவணைகள். டப்ளின் விதிப்படி பிரான்சுக்கு அனுப்பப்பட்ட ஒரு தமிழர் ஒன்றில் இலங்கை, மற்றதில் பிரான்ஸ். பயமுறுத்தலால் "விருப்பத்தோடு" கையெழுத்துப் போட்டுத் திரும்பிப் போனவர் இரண்டிலும் இல்லை. இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டால் அதுவும் அரைப் பொய்தான்.

இணைக்கக் கூடாதவை

எங்கட குழுவில் ஒரு தோழர் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார். "அரசின்ர எண் பிந்தித்தான் வருது. எங்கட உதவி இலக்கத்துக்கு வாற அழைப்புகளை ஒரு கூகிள் தாளில எழுதிறம்தானே, அதை நேரடியா இணைச்சால் என்ன?" தொழில்நுட்பப்படி ஐந்து நிமிட வேலை. "இணையத்தில் வெளியிடு" என்று ஒரு சொடுக்கு, சிஎஸ்வி முகவரி கிடைக்கும், டாஷ்போர்டில் ஒட்டினால் முடிந்தது.

அந்தத் தாளில் என்ன இருந்தது? பெயர், ஊர், டுல்டுங் முடிகிற திகதி, வழக்கறிஞரைச் சந்திக்கிற நாள். டாஷ்போர்ட் "இந்தக் கிழமை 14 அழைப்பு" என்று மட்டும்தான் காட்டும். ஆனால் அதுக்குப் பின்னால் இருக்கிற முகவரி கிடைத்தவருக்கு அந்தத் தாள் முழுவதும் தெரியும். படம் மூடி மறைக்கிறது என்று நாங்கள் நினைப்போம். கதவு பின்பக்கம் திறந்து கிடக்கும். ஒருவரின் இனத்தையும் அரசியல் கருத்தையும் காட்டுகிற தரவை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் 9ஆம் உறுப்பு தனியாகப் பாதுகாக்கிறது. சட்டத்தை விடுங்கோ. எங்கட பக்கத்தைப் பார்ப்பவர்கள் எல்லாரும் தோழர்கள் இல்லை. இங்கே போராட்டத்தில் நின்றவரின் ஊர்ப் பக்கச் சொந்தங்களை ஆர் தேடிப் போவார்கள் என்று எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் அந்தத் தாளை நாங்கள் எதனோடும் இணைப்பதில்லை. கிழமைக்கு ஒருக்கா ஒரு ஆள் கையால் எண்ணி, எண்ணிக்கையை மட்டும் வேறொரு கோப்பில் எழுதுவார். பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஐந்துக்குக் குறைந்தால் "5க்குக் குறைவு" என்றுதான் போடுவோம். ஒரு மாதம், ஒரு நகரம், ஒரு ஆள் என்று வந்தால் அது புள்ளிவிவரம் இல்லை, அந்த ஆளின் படம். மொத்தத்தில் இருந்து மற்றவற்றைக் கழித்து மறைத்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம் என்பதால், ஒன்றை மறைத்தால் இன்னொன்றையும் மறைக்கிறோம். ஜேர்மனியின் புள்ளிவிவர அலுவலகமே வெளிநாட்டவர் எண்களை ஐந்தின் மடங்காக முழுமையாக்கித்தான் வெளியிடுகிறது.

இந்த விமான நிலையத்தில் இருந்து புறப்படும் விமானங்களையும் நேரடியாக இணைக்கலாமே என்று கேட்பீர்கள். விமானங்கள் அனுப்பும் சைகைகளை ஜேசன் கோப்பாகத் தருகிற திறந்த தளங்கள் உண்டு. இணைக்கலாம். ஆனால் வரைபடத்தில் நகர்கிற புள்ளிக்குள் ஆர் இருக்கிறார்கள் என்று அந்தக் கோப்புக்குத் தெரியாது. ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து டுல்டுங் உள்ள வீடுகளில் நித்திரை போகும். அதோடு 2019 ஆகஸ்ட்டில் இருந்து குடியிருப்புச் சட்டத்தின் 97ஏ பிரிவின்படி திட்டமிட்ட நாடுகடத்தலின் விபரம் அதிகாரிகளுக்கு இரகசியம். அதை வெளியே சொல்பவர்களுக்கும் சிக்கல் வரலாம் என்று அகதிகளோடு வேலை செய்கிற அமைப்புகள் அப்போதே எச்சரித்தன. எச்சரிக்கைச் செய்தி தேவை, அதைச் செய்கிற குழுக்களும் இருக்கின்றன. அதைச் சட்ட ஆலோசனையோடு, ஆள் ஆளாகப் பேசிச் செய்யவேணும். தானாக ஓடுகிற பலகையில் விடக்கூடாது.

இன்றைய வேலை

இங்கே, இந்த விமான நிலையத்தோடு ஒட்டி, ஒரு பெரிய நுழைவு, வெளியேற்ற மையம் கட்டுவதற்கு 2021இல் பிராண்டன்பூர்க் மாநிலமும் சமஷ்டி உள்துறை அமைச்சும் இணங்கின. தடுத்து வைக்க அறைகளும் அந்தத் திட்டத்தில் உண்டு. அதைப் பற்றிய ஆவணங்கள் 2022இல் வெளியே வந்ததற்குக் காரணம், "அரசைக் கேள்" என்று பொருள்படும் ஃப்ராக் டென் ஷ்டாட் தளத்தினரும் பொதுத் தொலைக்காட்சிச் செய்தியாளரும் விடாமல் தோண்டியது. அப்பா இறங்கின பழைய முனையக் கட்டடம் 2021இல் மூடியாச்சு. வந்து இறங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே திருப்பி ஏற்றுகிற இடத்தைக் கட்டத் திட்டம் போட்டவை. ஏன் ஷோனெஃபெல்ட் என்று கேட்டவைக்கு இதுதான் மற்றக் காரணம்.

மூன்று மேசை போட்டிருக்கிறோம். முதல் மேசையில் கடிதம் எழுதுவோம். தகவல் அறியும் சட்டம் 2006 முதல் இருக்கிறது. எந்த வடிவத்தில் தரவேணும் என்றும் நாங்கள் கேட்கலாம், தக்க காரணம் இல்லாமல் அவர்கள் வேறு வடிவத்தில் தர ஏலாது. ஆகவே கடிதத்திலேயே எழுதுங்கோ: "பிடிஎஃப் வேண்டாம், சிஎஸ்வி அல்லது எக்செல் கோப்பாகத் தாருங்கள்." இந்த ஒரு வசனத்தால் உடைந்த நாட்டுப் பெயர்களில் பாதி இல்லாமல் போகும். இரண்டாவது மேசையில் கோப்பைத் துப்புரவாக்கி இணைப்பது. மூன்றாவது மேசையில் பிழை பிடிப்பது. அந்த மேசைக்கு மென்பொருள் தெரியாத ஆக்கள் வந்தால் இன்னும் நல்லது. வேணுமென்று பிழை போட்ட ஐந்து கோப்பு வைச்சிருக்கிறேன். ஒன்றில் பூச்சியம் இருக்கு. அது உண்மையான பூச்சியமா, இல்லையா என்று நீங்கள்தான் மூலத்தைத் திறந்து பார்த்துச் சொல்லவேணும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மார்கழியோடு என்ர ஆய்வு முடியுது, அதுக்குப் பிறகு எங்கே வேலை கிடைக்கும் என்று தெரியாது. பலகையின் சாவி என்னிடம் மட்டும் இருக்கக் கூடாது. போகும்போது இரண்டு பேராவது பெயர் தந்துவிட்டுப் போங்கோ. கணினி அறிவு பெரிதாக வேண்டாம். ஒரு புதிய எண் வந்தால் மூலத்தைத் திறந்து ஒருக்கா பார்க்கிற பொறுமையும், உதவி இலக்கத்துக்கு அழைப்பு வந்தால் எடுத்துக் கதைக்கிற மனமும் இருந்தால் போதும்.

தேத்தண்ணி பின்னால் இருக்கு. பத்து நிமிடத்தில் தொடங்குவோம்.